ஐந்தாம் கட்டத்தில் ஒரு மூச்சு

என்னைக் கழற்றிவிட்டார்கள் என்பது புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு எனக்குத் தெரிந்தது. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. மூன்று பேரும் ஒன்றாக மூச்செடுத்தார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் நான்கு பேர், நான்கு சாக்ஸபோன். லுடோவிக் சொப்ரானோ வாசிப்பான். மேலே நின்று மெலிதாகப் பாடுகிற வாத்தியம், குழுவின் நாட்டாமையும் அவன்தான். நோயெல் ஆல்டோ. ஃபப்ரிஸ் டெனர். எல்லோருக்கும் அடியில் முட்டுக்கொடுக்கிற பாரிடோன் நான், கிஸ்லேன். பதினெட்டு வருடம் அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு நாமூர் ரயிலில் ஏறி இறங்கியதில் என் வலது தோள் ஒரு விரற்கடை இறங்கிப் போயிற்று. அதற்காக எங்கள் தினானில் எவனும் என்னை மெச்சப்போவதில்லை. சாக்ஸபோனைக் கண்டுபிடித்தவர் பிறந்த ஊர், பாலத்தின் இருபுறமும் ஆளுயரச் சாக்ஸபோன் பொம்மைகள் நிற்கிற ஊர். இங்கே சுரம் பிசகினால் ரொட்டிக்கடைக்காரனே முகம் சுளிப்பான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மடத்துத் தேவாலயத்தில் கச்சேரி. கடைசியாக வாசிக்கப் போவது லியேஜில் ஒரு கிழவர் எங்களுக்காகவே எழுதிய மெதுவான உருப்படி. அவர் வீட்டுக்கு இரண்டு வருடம் நடையாய் நடந்து அதைக் கேட்டு வாங்கியவள் நான். அதன் முடிவில் பத்துத் தாளக் கட்டம் நீளத்துக்கு நால்வரும் ஆளுக்கொரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒன்றுமில்லாமல் ஆக்க வேண்டும். ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் இழுப்பது சாமானியம் இல்லை. அதிலும் பாரிடோன் காற்றைக் குடிக்கிற பூதம். ஆகவே முறை வைத்து மூச்செடுப்போம். ஒருவர் எடுக்கும்போது மற்ற மூவரும் தாங்குவார்கள். ஐந்தாம் கட்டத்தில் நான், ஆறில் ஃபப்ரிஸ், ஏழில் நோயெல், எட்டில் லுடோவிக்.

என் சுரத் தாளில் ஐந்தாம் கட்டத்துக்கு மேலே பச்சைப் பென்சிலில் ஒரு வரி இருக்கும்: “இங்கே மூச்செடு. நான் பிடித்துக்கொள்கிறேன்.” நோயெல் எழுதியது. இரண்டு குளிர்காலத்துக்கு முன் நிமோனியா வந்து ஆறு வாரம் படுத்திருந்தேன். திரும்பி வந்த முதல் நாள் அவளே என் தாளை இழுத்து எழுதினாள். அவள் மகளுக்கு நான் ஞானத்தாய். அப்படிப்பட்ட உறவு.

புதன்கிழமை ஒத்திகை. ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அறை. கடைசிச் சுரத்தைப் பிடித்தோம். ஐந்தாம் கட்டம் வந்தது, நான் மூச்செடுத்தேன். அதே நொடியில் நோயெலும் எடுத்தாள், ஃபப்ரிஸும் எடுத்தான், லுடோவிக்கும் எடுத்தான். பொத்தென்று சத்தமே இல்லாமல் போயிற்று. கீழே கடையில் மாவு பிசைகிற இயந்திரம் ஓடுவது மட்டும் கேட்டது.

ஒருவர் முறை தவறினால் நாங்கள் சிரிப்போம். “தூங்குறியா, காபி வேணுமா?” என்று வாரிவிடுவோம். அன்று யாரும் சிரிக்கவில்லை. லுடோவிக் தன் வாத்தியத்தின் ஊதுவாயிலிருந்த நாணல் ரீடைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தான், அதில் ஏதோ கண்டுபிடிக்கப் போகிறவன் மாதிரி. ஃபப்ரிஸ் தேன் பிஸ்கட் ஒன்றை மேஜை விளிம்பில் தட்டி உடைத்தான். எங்கள் ஊர் பிஸ்கட்டைக் கடித்தால் பல்தான் உடையும்.

ஒருத்தர் தப்பு செய்தால் அது தப்பு. மூன்று பேர் ஒரே இடத்தில், ஒரே மாதிரி, அவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்தால் அதற்குப் பெயர் பயிற்சி. அடியில் என் இடத்தில் வேறொருத்தன் மூச்சே விடாமல் தாங்கிக்கொண்டிருக்க, மேலே மூவரும் சேர்ந்து மூச்செடுத்துச் சேர்ந்து உள்ளே வந்து பழகியிருக்கிறார்கள். நினைத்துப் பார்த்தேன், கேட்க அழகாகத்தான் இருக்கும்.

“யார் அவன்?” என்றேன்.

“எவன்?” என்றான் லுடோவிக்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காத, லுடோ. எனக்குப் பதிலா இங்க உக்காந்து வாசிக்கிறவன்.”

ஃபப்ரிஸ்தான் முதலில் உடைந்தான். அவனுக்குப் பொய் வராது, தைரியமும் வராது. “கொரந்தென்னு ஒரு பையன். பிரஸ்ஸல்ஸ்ல படிச்சவன். மூக்கால இழுத்துக்கிட்டே வாயால ஊதுவான். மூச்செடுக்க நிறுத்தவே மாட்டான்.”

“நல்லதாப் போச்சு. அவன் தலைமாட்டுல ஒரு மெழுகுவத்தியும் ஏத்தி வைங்க.”

“கிஸ்லேன், கொஞ்சம் கேளு,” என்றான் லுடோவிக். “இலையுதிர்காலத்துல ஒலிப்பதிவு. போன தடவை பதிவு பண்ணினப்போ ஸ்டுடியோக்காரங்க என்ன சொன்னாங்கன்னு உனக்குத் தெரியாது. மைக்ல உன் மூச்சு கேக்குதாம். ஒவ்வொரு தடவையும். எண்ணெய் போடாத கதவு மாதிரி.”

“கேக்கத்தான் செய்யும். உயிரோட இருக்கேன்ல?”

“கச்சேரி முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தோம். உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்.”

“ஆகா! என்ன கருணை! தெருவுக்கு நாலு மாதா சிலை இருக்கு, அஞ்சாவதா உன்னையும் நிக்க வைக்கணும்.”

நோயெல் பக்கம் திரும்பினேன். அவள் தன் வாத்தியத்தைத் துணி விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையில் உள்ளே வந்ததும் அவள் எனக்குக் கன்னத்தில் முத்தம் தரவில்லை. சளி என்று கையை ஆட்டிவிட்டாள். ஒரு சளியும் இல்லை என்பது இப்போது விளங்கியது.

“எத்தனை நாளாடி நடக்குது?”

“மூணு மாசம்,” என்றாள் துணியைப் பார்த்துக்கொண்டே.

“போன மாசம் உன் பொண்ணு பிறந்தநாளுக்கு என் வீட்டுல வந்து வயிறாரச் சாப்பிட்டியே. அப்பவும் தெரியும்?”

“தெரியும்.”

“அடிப்பாவி.”

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல் வந்தது. கூட இருந்தே குழி பறித்தவள் அழவும் அழுதால், குழியில் கிடக்கிறவள் என்னதான் செய்வது?

அன்றைக்கே வாத்தியத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி அழைப்பிதழில் என் பெயர் அச்சாகியிருந்தது. அந்த உருப்படி என் உருப்படி. அதைவிட முக்கியமாக, எனக்கு ஒரு திட்டம் இருந்தது. “பழைய முறைப்படியே வாசிச்சிடலாம்,” என்று லுடோவிக் சொன்னான். எல்லோரும் தலையாட்டிப் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை இரண்டு முறை வாசித்தோம், சரியாகவே வந்தது. ஆனால் மூன்று மாதப் பழக்கம் இரண்டு ஒத்திகையில் போகாது. மேடை ஏறிவிட்டால் உடம்பு பென்சிலைப் பார்க்காது. ஐந்தாம் கட்டத்தில் மூன்று பேரும் மறந்துபோய் மூச்செடுப்பார்கள். நானும் என் முறைப்படி எடுப்பேன். ஊரே கேட்க அந்தப் பள்ளம் விழட்டும். என் மேல் ஒருத்தனும் குற்றம் சொல்ல முடியாது. என் தாளில் எழுதியிருக்கிறதே.

மூன்று நாள் அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த மூன்று நாளும் எனக்கு நன்றாகப் பசித்தது.

ஞாயிறு மூன்று மணி. தேவாலயத்தில் பெஞ்சு நிறைந்து, பின்னால் நின்றுகொண்டும் கேட்டார்கள். எங்கள் ரொட்டிக்கடைக்காரர் மனைவியோடு இரண்டாம் வரிசையில். லுடோவிக் மூக்கால் ஒரு சின்ன இழுப்பு இழுப்பான், அதுதான் எங்களுக்குத் தொடக்கம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பதினெட்டு வருடமாக என் வயிறு தானாக விரியும். அன்றும் விரிந்தது. நாய்ப் புத்தி.

நன்றாக வாசித்தோம். அதுதான் என் ஆத்திரத்துக்கெல்லாம் மேலான ஆத்திரம். அவ்வளவு நன்றாக நாங்கள் வாசித்ததே இல்லை.

கடைசிச் சுரம். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாம் கட்டத்தின் முடிவில் ஓரக்கண்ணால் பார்த்தேன். நோயெலின் தோள் எழும்பியது. ஃபப்ரிஸின் வாய்க்கடை விலகியது. லுடோவிக்கின் மூக்கு விடைத்தது. மறந்துவிட்டார்கள். நான் நினைத்தபடியே மூன்று பேரும் மறந்துவிட்டார்கள்.

என் உதடும் விலகத்தான் போயிற்று. விலகவில்லை.

நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல மனசெல்லாம் இல்லை. அடியில் அந்த ஒற்றைச் சுரம் மட்டும் தேவாலயத்தில் நின்றது, என் சுரம், யார் துணையும் இல்லாமல். அதை என் கையாலேயே கொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூவரும் திரும்ப உள்ளே வந்தார்கள். அப்போதாவது மூச்செடுத்திருக்கலாம். வீம்பு. எட்டாம் கட்டத்தில் கண்ணில் பூச்சி பறந்தது. ஒன்பதில் தாள் தெரியவில்லை. பத்து முடிந்து, சத்தமே இல்லாமல் ஆன பிறகு, வாத்தியத்தை விலக்கி மூச்சிழுத்தேன். எண்ணெய் போடாத கதவு. கடைசி பெஞ்சு வரை கேட்டிருக்கும். அதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது.

உடை மாற்றும் அறையில் லுடோவிக் முகமெல்லாம் சிரிப்பாக வந்து என் தோளைத் தட்டினான். இறங்கிப்போன தோள்.

“பாத்தியா! மூச்சு விடாம உன்னாலயும் முடியுது! இத்தனை வருஷமா ஏன் பண்ணல நீ?”

அவன் பாராட்டாகத்தான் சொன்னான். அதுதான் அவன். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

“அப்புறம் கிஸ்லேன், உன் தாள் கட்டை இங்கயே வச்சிட்டுப் போறியா? செவ்வாய்க்கிழமை கொரந்தென் வரான். அவனுக்கு வேணும்.”

“வச்சிட்டுப் போறேன்,” என்றேன்.

எல்லோரும் வெளியே பீர் குடிக்கப் போனதும் நான் அழிரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினெட்டு வருடப் பென்சில் குறிகள். எங்கே மூச்சு, எங்கே ஃபப்ரிஸ் அவசரப்படுவான், எங்கே லுடோவிக் சுரம் ஏறிப்போகும், எங்கே அவனை நான் கீழிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றாக அழித்தேன். கறுப்புப் பாவாடை முழுக்க ரப்பர் தூள்.

நோயெல் இரண்டு கோப்பையோடு உள்ளே வந்தாள். என் மடியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“ஏண்டி இதையெல்லாம் அழிக்கிற? அந்தப் பையனுக்கு உதவியா இருக்குமே.”

“அவனுக்குத்தான் மூச்சே வேண்டாமே.”

கடைசித் தாளையும் முடித்து, தாள் கட்டை அவள் கையில் கொடுத்தேன். மேலாக இருந்தது லியேஜ் கிழவரின் உருப்படி. வெள்ளைவெளேரென்று இருந்த தாளில் ஐந்தாம் கட்டத்துக்கு மேலே பச்சைப் பென்சில் வரி மட்டும் அப்படியே இருந்தது. அவள் அதைப் படித்தாள்.

“அது உன் கையெழுத்து, அதனால நான் தொடல,” என்றேன். “செவ்வாய்க்கிழமை அவன் இது என்னன்னு கேப்பான். நீயே சொல்லு.”

அவள் இரண்டு கோப்பையையும் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாள். நான் வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினேன்.