ஒரே எண், இரண்டு வழி

இடுப்பு கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. கேபிள் பள்ளம் வெட்டிய காலத்தில்கூட அவனுக்கு இப்படி வலித்ததில்லை. இப்போது கம்பெனிகளுக்கு நெட்வொர்க் இணைப்புக் கொடுக்கும் அலுவலகத்தில் நாற்காலி வேலை; சற்று முன்தான் ரொட்டிக் கம்பெனியின் புது இணைப்பைக் கணினியில் ஏற்றி முடித்திருந்தான்.

போன் அடித்தது. ரசாயன ஆலையில் அளவுகளைத் திரையில் கண்காணிக்கும் அக்கா.

"தம்பி, தொட்டிக்குள்ள இருக்கற வாயு அளவு அஞ்சு நிமிஷமா அசையவே இல்ல."

"நல்லா இருந்தா எதுக்குக்கா அசையணும்? கம்ப்யூட்டரை அணைச்சுப் போடுங்க. எங்க பக்கம் எல்லாம் சுத்தம்."

வைத்த பிறகு ஒப்புக்குத்தான் பார்த்தான். தகவல் போய்வரும் வழிப்பட்டியலில் ஆலையே இல்லை.

ஆலையும் ரொட்டிக் கம்பெனியும் தங்கள் கருவிகளுக்கு 10.1.1.20 என்றே முகவரி வைத்திருந்தன. அதில் தப்பில்லை, ஒவ்வொரு கம்பெனியின் வழிக்கும் முன்னால் ஒரு தனி எண் ஒட்டியிருக்கும், அதை வைத்து, எல்லா வழிகளையும் சேர்த்து வைக்கும் மைய எந்திரம் பிரித்துக்கொள்ளும். புதுக் கம்பெனிக்குப் பழைய கம்பெனியின் இணைப்புத் தாளை நகலெடுத்துத் திருத்துவதுதான் இங்கே எல்லோருக்கும் பழக்கம். ஆலையின் தாளை எடுத்துப் பெயரை மாற்றிய அவன், அந்தத் தனி எண்ணை மாற்றவில்லை. இரண்டும் ஒரே இணைப்புப் பெட்டியில் இருந்தால் அது அப்போதே முரண்டு பிடித்திருக்கும். இவை இரண்டு ஊர்ப் பெட்டிகள், வாயே திறக்கவில்லை. மைய எந்திரம் இரண்டையும் ஒன்றென்று எண்ணி, ரொட்டியை வைத்துக்கொண்டு ஆலையைத் தள்ளிவிட்டது.

இன்று தொட்டி கழுவ இறங்கியிருப்பது அவன் மச்சான், மனைவியின் தம்பி. போன் போட்டான். எடுக்கவில்லை. போனை வெளியே வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

ஆலைக்குப் போட்டான்.

"அக்கா, ஆளுங்கள மேல ஏத்துங்க!"

"அளவு நல்லாத்தானப்பா காட்டுது?"

"அது எப்பவோ நின்னுபோன செத்த எண்ணுக்கா! சங்கை அடிங்க!"

சங்கு போனிலேயே காதைக் கிழித்தது. அவன் ரொட்டிக் கம்பெனியின் தனி எண்ணை மாற்றினான். வழி திரும்பி வர இரண்டு நிமிடம். வந்த வாயு அளவு, ஆபத்து எல்லையைப் போல ஐந்து மடங்கு.

கயிறு கட்டி மேலே தூக்கப்பட்ட மச்சான், வாந்தி எடுத்துவிட்டுப் போனில் பேசினான். "மாமா, தலை கிறுகிறுன்னு சுத்துது. எங்க அக்காகிட்ட சொல்லிராதீங்க, கொன்னுருவா."

சாயங்காலம் திரைக்கார அக்கா கூப்பிட்டாள். கவனக்குறைவு என்று எழுதி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"நான் உடனே உங்ககிட்ட சொன்னேன்ல தம்பி?"

"சொன்னீங்கக்கா."

தப்பு என்னுடையது என்று அவளுடைய மேலாளரிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம், அவளுக்கு அவன் பட்ட கடனாக அப்படியே நின்றது.