சோமன் அண்ணன் முண்டை மடித்துக் கட்டாத காரணம்

1

இந்தக் கதையைப் பணிவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதியில் அது காலில் ஓடும் ஒரு ரத்தக்குழாயைப் பற்றிய கதையாக மாறிவிட்டது. மாற்றியது நான் இல்லை. எழுதுகிறவன் இதை ஒப்புக்கொள்வது கொஞ்சம் கூச்சம்தான். ஆனாலும் இந்தக் கதை கைநழுவிப் போனதில் எனக்குள்ள சந்தோஷம், ஒழுங்காக எழுதி முடித்த எந்தக் கதையிலும் கிடைத்ததில்லை.

குமரி மாவட்டத்தை ஒட்டிய கேரளத்தில், பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் நடுவில் ஓர் ஊரில் இருக்கிறேன். பெயர் ராபின்சன், பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். மதிலுக்கு அந்தப் பக்கம் சோமன் அண்ணன் வீடு. பாறசாலையில் ஒரு துணிக்கடையில் அவர் முண்டு விற்கிறார். (வேட்டியை இங்கே முண்டு என்போம். பத்திரிகை ஆசிரியர் திருத்தினால் நான் மறுபடியும் முண்டு என்றே எழுதிக் கொடுப்பேன்.)

எங்கள் பக்கத்தில் ஆண்கள் முண்டை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டுதான் நடப்பார்கள். மதிப்புக்குரிய ஒருவர் எதிரே வந்தால் மடிப்பை இறக்கிவிடுவார்கள். கும்பிட வேண்டாம், வாய் திறக்க வேண்டாம். முண்டு இறங்கினால் மரியாதை செய்தாயிற்று.

சோமன் அண்ணன் மடித்துக் கட்டவே மாட்டார். சந்தில் மழைத்தண்ணீர் ஓடினாலும் கரை நனைய நனைய நடப்பார். கல்யாண வீட்டில் சாம்பார் வாளியோடு ஓடும்போதும் முண்டு கணுக்காலில்தான் கிடக்கும். சின்னப் பயல்களுக்கும் மரியாதை கொடுக்கிற மனிதர் என்று ஊரே சொன்னது. நானும் நம்பினேன். இப்படி ஒருவர் பக்கத்து வீட்டில் கிடைத்தால் எழுதுகிறவன் சும்மா இருப்பானா?

2

தொடக்கம் ஒன்று: "தரையைத் தொடும் துணியே ஒரு மனிதனின் உயரத்தைச் சொல்லும்."

[அடித்துவிட்டேன். எழுதியதும் எனக்கே ரொம்பப் பிடித்துப்போனது. அதனால்தான் சந்தேகம் வந்தது.]

தொடக்கம் இரண்டு: "எதிரே வருகிறவர் யார் என்று சோமன் பார்ப்பதில்லை. எல்லோரும் அவருக்கு"

[எல்லோரும் அவருக்கு என்ன? மூன்று நாள் யோசித்தும் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.]

தொடக்கம் மூன்று நடந்த சம்பவம். சோமன் அண்ணனின் மகள் பிரசீதாவைப் பெண் பார்க்க வெள்ளறடையிலிருந்து ராஜதாஸ் வந்தார். ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவர், மாப்பிள்ளை பிஜுவுக்கு அப்பா. அன்று நல்ல மழை. சந்து முழுக்கச் சேறு. ராஜதாஸ் முண்டைத் தொடைவரை தூக்கிக்கொண்டு வந்தார். சேற்றில் கரை புரள, எதிரே நின்று வரவேற்றார் சோமன் அண்ணன். அதைப் பார்த்த ராஜதாஸ் வெட்கப்பட்டுத் தம் முண்டையும் சேற்றில் இறக்கிவிட்டார். "இந்த மனுசனுக்க வீட்டுல இருந்துதான் எனக்கு மருமவ வேணும்" என்று வெள்ளறடை முக்கில் நின்று எல்லோரிடமும் சொன்னாராம். கல்யாணம் நிச்சயமானது.

இதைத்தான் கதையின் உச்சமாக வைத்திருந்தேன். இப்போது இது இரண்டாம் பகுதியிலேயே முடிந்துவிட்டது பாருங்கள்.

3

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி எழுதிவிட்டு அவருக்குத் தெரியாமல் அச்சிடுவது முறையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சர்ச்சிலிருந்து வந்த பிறகு, அவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். நாற்காலி போட்டும் உட்காராமல் கதவருகே நின்றுகொண்டு கேட்டார். கடையில் வேலை பார்க்கிறவருக்கு நிற்பதுதான் பழக்கம். (கடைகளில் உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது அவர் கடையிலும் ஸ்டூல் வந்தது. அதன்மேல் இப்போது பனியன் பெட்டிகள் இருக்கின்றன.)

ராஜதாஸ் சேற்றில் முண்டை இறக்கும் இடத்துக்கு வந்தேன். நான் எதிர்பார்த்தபடியே சோமன் அண்ணன் கண் கலங்கியிருந்தார். இன்னும் அழுத்தமாக வாசிக்கத் தொடங்கியபோதுதான் தரையைப் பார்த்தேன். அவர் காலடியில் ரத்தம் பரவிக்கொண்டிருந்தது. வெள்ளை முண்டின் கீழ்ப்பகுதி முழுக்கச் சிவப்பு.

"விலாசினீ!" என்று மதிலைப் பார்த்துக் கத்தினார் அவர்.

அவர் மனைவி விலாசினி அக்கா ஓடி வந்தார். வந்த வேகத்தில் அவரைத் தரையில் படுக்கவைத்து, முண்டை விலக்கி, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்து, ஒரு துண்டை மடித்துக் கணுக்காலுக்கு மேலே அழுத்திப் பிடித்தார். நான் கையில் பிரதியோடு மரம்போல் நின்றேன்.

"அந்தப் பேப்பரக் கீழ வச்சிட்டு இதப் பிடி ராபின்சா" என்றார்.

பிடித்தேன். அப்போதுதான் அந்தக் காலை முதல்முறையாகப் பார்த்தேன். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை நீலக்குழாய்கள் முறுக்கிப் புடைத்துக் கிடந்தன. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, காசு அகலத்தில் ஆறாத புண். அதன் ஓரத்தில்தான் குழாய் வெடித்திருந்தது. காலைத் தூக்கி வைத்து அழுத்தியதும் ரத்தம் நின்றது. துண்டை எடுக்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.

4

படுத்தபடியே பேசினார். முழுவதையும் எழுதுகிறேன். இதில் என் சரக்கு எதுவும் இல்லை.

"மக்கா, நீ எழுதினது கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா அது நானில்ல கேட்டியா."

"பின்னே யாரு அண்ணா?"

"கடையில நிக்கத் தொடங்கி கொஞ்ச வருசத்துல நரம்பு பொடைச்சு வந்து. ஒருத்தன் கண்டுட்டு, இது என்ன, மண்புழு வளக்குதியாண்ணு கேட்டான். எல்லாரும் சிரிச்சாவ. அண்ணைக்கு எறக்கின முண்டாக்கும். பிறகு மடக்கல்ல. ஆளுவ அத மரியாதண்ணு செல்லத் தொடங்கினாவ. நான் இல்லண்ணு செல்லல்ல. கேக்க சுகமா இருந்து மக்கா."

விலாசினி அக்காவுக்குக் கோபம் வந்தது. "ரத்தம் வாறது இது ரெண்டாம் தடவ. ஆப்பரேசன் செய்யணும்ணு அண்ணைக்கே டாக்டரு செல்லியாச்சு. இவியளுக்குக் கல்யாணம் கழியணுமாம்."

"கல்யாணத்துக்கு இனி ரெண்டு மாசம் உண்டு. ராஜதாஸ் இந்த முண்டப் பாத்தாக்கும் பொண்ணு கேட்டது. உள்ள கெடந்தது இதாக்கும்ணு அறிஞ்சா? குடும்பத்துல தீனம் உண்டு, மறைச்சிட்டான்ணு செல்லமாட்டாரா? எனக்க பிள்ளைக்கக் கல்யாணம் நிண்ணு போனா நான் பிறகு எதுக்கு?"

விலாசினி அக்கா புண்ணைத் துடைத்துத் துணி கட்டத் தொடங்கினார். சோமன் அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணு செல்லட்டா? மரியாதக்காரன், மரியாதக்காரன்ணு ஊரு முழுக்க செல்லுது. ஆனா இந்த வயசு வரைக்கும் ஒருத்தரக் கண்டு நான் முண்ட எறக்கிவிட்டதே இல்ல. மடக்கினவனுக்குத்தானே எறக்க முடியும்?"

[இங்கே ஒரு பத்தி விளக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.]

5

மறுநாள் நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் வந்ததை நான் பார்த்துவிட்டேன் என்பதால் என்னிடம் அவரால் மழுப்ப முடியவில்லை. டாக்டர் ஆர்யாவுக்கு வயது குறைவு. டாப்ளர் ஸ்கேன் எடுத்துத் திரையைக் காட்டினார். ரத்தத்தை மேலே போகவிட்டுத் திரும்பாமல் தடுக்கும் சின்னச் சின்னக் கதவுகள் குழாய்க்குள் உண்டாம். இவருக்கு அவை பழுதாகி, மேலே ஏறிய ரத்தம் கீழேயே வந்து தேங்குகிறது.

சிகிச்சைக்கு என்னென்ன வழி என்று கேட்டேன். அவர் சொன்னதை எழுதுகிறேன். கதைக்கு வேண்டாதது என்று தோன்றினால் தாண்டிப் போகலாம். தாண்டும் முன் உங்கள் காலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வழி, தொடை இடுக்கில் கீறி, கெட்ட குழாயைக் கட்டி, உருவி எடுத்துவிடுவது. கடையில் கூட வேலை பார்த்த ரெத்தினதாஸ் முன்பு ஒருநாள் அதைச் செய்துகொண்டு வெகுநாள் படுத்துக் கிடந்தார். சோமன் அண்ணனின் பயம் அங்கிருந்து வந்தது. இப்போது பெரும்பாலும் லேசர். மெல்லிய நூல்போன்ற ஒன்றைக் குழாய்க்குள் விட்டுச் சூடாக்கி, உள்ளிருந்தே அடைத்துவிடுவார்கள். ரேடியோ அலையாலும் அதே வேலை நடக்கும். ஒருவகைப் பசையால் ஒட்டுவதும் உண்டு. சின்னக் குழாய்களுக்கு நுரை மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். புடைத்து நிற்கும் கிளைகளைச் சிறு துளை போட்டுக் கொக்கியால் எடுத்துவிடலாம். எது யாருக்கு என்பதை ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

(நானும் ஒரு கதைக்கு மூன்று தொடக்கம் வைத்திருந்தவன். டாக்டர் சொன்ன வழிகள் எல்லாமே முடிவுக்குப் போகின்றன என்பதுதான் எனக்குப் பொறாமை.)

"அடைச்சா பிறகு ரத்தம் எது வழியா போவும்?" என்று கேட்டார் சோமன் அண்ணன்.

டாக்டர் சிரித்தார். "சேட்டா, பேடிக்கண்டா, பயப்படாதீங்க. உடைஞ்ச ரோட்ட அடைச்சிட்டு வண்டியெல்லாம் நல்ல ரோட்டுல விடுவோம் இல்லே? உள்ளே ஆழத்துல நல்ல ரோடு உண்டு. ஸ்கேன்ல பாத்தாச்சு."

"படுத்துக் கிடக்கணுமா?"

"அண்ணைக்கே நடக்கணும். படுக்கப்பிடாது."

அவருக்கு லேசரும், புடைத்த கிளைகளைத் துளை வழியாக எடுப்பதும் என்று முடிவானது. பிறகு சில வாரம் இறுக்கமான காலுறை, புண்ணுக்குக் கட்டு. எப்போது என்று டாக்டர் கேட்டார். சோமன் அண்ணன் என்னைப் பார்த்தார். "கல்யாணம் கழிஞ்சு" என்றார்.

6

இங்கே கதை நின்றுவிட்டது. நிஜமாகவே நின்றுவிட்டது. நான் முடிவுகளைச் செய்து பார்த்தேன்.

முடிவு அ: ராஜதாஸ் விஷயம் தெரிந்து கோபித்துக் கல்யாணத்தை நிறுத்துகிறார். [எழுதவே கை வரவில்லை. பிரசீதா எனக்குக் கண் முன்னால் வளர்ந்த பிள்ளை.]

முடிவு ஆ: ராஜதாஸும் தம் முண்டைத் தூக்குகிறார். அவர் காலிலும் அதே நீலக்குழாய்கள். இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். [வாசகரை இவ்வளவு மலிவாக நினைக்கக்கூடாது.]

முடிவு இ: சோமன் அண்ணன் கல்யாணம்வரை காத்திருக்கிறார். மணமேடை அருகே மறுபடியும் ரத்தம்

[வேண்டாம். இதை எழுதிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.]

நான் இப்படித் திண்டாடிக்கொண்டிருக்க, விலாசினி அக்கா ராஜதாஸுக்குப் போன் செய்துவிட்டார். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று நானே கேட்டேன். அவர் பேச்சில் வர்ணனை எதுவும் இல்லை. "அண்ணே, இவியளுக்குக் காலுல வெரிகோஸ் உண்டு. ரொம்பக் காலமா உண்டு. நாணக்கேடுண்ணு முண்ட எறக்கிப்போட்டு நடந்தாவ. ரத்தம் வந்து, ஆப்பரேசன் செய்யணும். கல்யாணத்துக்கு முன்னையே செய்யணும். நீங்க அறியணும்ணு கூப்பிட்டது."

பிறகு ராஜதாஸ் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏது ஆசுபத்திரிண்ணு கேட்டாரு. அண்ணைக்கு ஜீப்ப அனுப்புதேன், ஆட்டோவுல குலுங்கிக்கிட்டுப் போவாண்டாம்ணு செல்லுதாரு."

"வேற ஒண்ணும் செல்லல்லியா?"

"கல்யாணத் துணி எடுக்க எல்லாரும் எந்தக் கடைக்குப் போவணும்ணு கேட்டாரு."

அக்கா அப்படியே மதிலில் சாய்ந்து அழுதார். இத்தனை நாளும் அவர் அழுது நான் பார்த்ததில்லை. என் மூன்று முடிவுகளும் ஒரு போனில் தோற்றதற்காக நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

7

ஆப்பரேஷனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்பதுதான் அதன் சிறப்பு. காலை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். உள்ளே அவர் நர்ஸிடம் சரிகைக் கரை போட்ட கசவு முண்டின் விலை பேசிக்கொண்டிருந்தாராம். சாயங்காலம் ராஜதாஸின் ஜீப்வரை நடந்தே வந்தார். புண் மெல்ல மெல்ல ஆறியது. கடையில் பனியன் பெட்டிகளைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து முண்டு விற்கிறார்.

ஆனால் மடித்துக் கட்டவில்லை. காலுறை கழற்றிய பிறகும் இல்லை. "கை மறந்து போச்சு மக்கா" என்றார்.

8

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம். வீட்டு முற்றத்தில் பந்தல், அதன்கீழ் காய்கறி மலை. முண்டை மடித்துக் கட்டிய ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து அவியலுக்கு வெட்டிக்கொண்டிருந்தோம். வீட்டுக்குள்ளிருந்து சோமன் அண்ணன் வந்தார். முண்டு முழங்காலுக்கு மேலே.

கறுத்த தழும்பும், சின்னத் துளைகள் ஆறிய புள்ளிகளும் எல்லோருக்கும் தெரிந்தன. கத்திகள் ஒரு நொடி நின்றன. "அண்ணனுக்குக் காலும் உண்டா?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு. அவரும் சிரித்தார். ஒரு சேனைக்கிழங்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். இத்தனை வருஷம் பயந்தது இதற்குத்தான்.

அப்போது சந்தில் ஜீப் வந்தது. பின்னால் வாழைக்குலைகள். ராஜதாஸ் இறங்கினார்.

சோமன் அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு கையும் இடுப்புக்குப் போயின. ராஜதாஸ் பார்த்துவிட்டார்.

"எறக்காண்டாம் சம்பந்தி, எறக்காண்டாம். காலு எப்பிடி இருக்குண்ணு நான் பாக்கட்டு."

"அது பிறகு பாக்கலாம்" என்றார் சோமன் அண்ணன். "ஒரு தடவ எறக்கட்டு."

இறக்கிவிட்டார். முண்டு கணுக்கால்வரை விழுந்தது. சின்னப் பிள்ளை போல் அவர் முகம் மலர்ந்தது.

அதைப் பார்த்து ராஜதாஸ் என்ன நினைத்தார், தம் முண்டை என்ன செய்தார் என்பதை நான் எழுதப்போவதில்லை. அந்த முண்டுக்கு ஒருமுறை அர்த்தம் சொல்லிப் பட்டது போதும். இனி நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு நேரமும் இல்லை. குலை இறக்க ஆள் வேண்டும் என்று சோமன் அண்ணன் கூப்பிடுகிறார். அதற்குள் மறுபடியும் மடித்துக் கட்டிவிட்டார்.