நிதானமாக இருக்கும்போது பழகவும்

ஊரில் உள்ளவர்கள் படி ஏறாமல் இருப்பதற்காக முப்பது வருடமாகப் படி ஏறியவர் அந்த லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்றுபோனால்தானே அவரைக் கூப்பிடுவார்கள்? நின்றுபோன லிஃப்டில் மெக்கானிக் மட்டும் எப்படி மேலே போவது? பதினான்கு மாடியானாலும் நடைதான். மொட்டை மாடியில் மோட்டார் ரூமைத் திறந்து, வேலையை முடித்து, வெளியே வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஒரு சிகரெட். அந்த ஒரு சிகரெட்டுக்காகத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன் என்று கூட வேலை செய்பவர்களிடம் தமாஷாகச் சொல்வார். பாதி தமாஷ்தான், மீதி நிஜம்.

இப்போது அவரால் சேர்ந்தாற்போல் அறுபது எட்டு வைக்க முடியவில்லை. இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஏதாவது ஒரு கடை வாசலில் கண்ணாடி வழியே சாமான் பார்ப்பதுபோல நிற்பார். வலி அடங்கியதும் மறுபடி அறுபது. இப்படி நின்று நின்று, அந்தத் தெருவில் எந்தக் கடை அலமாரியில் என்ன செருப்பு இருக்கிறது என்பது வரைக்கும் அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. தொலைதூரப் புகார்களை இளையவர்களிடம் தள்ளிவிட்டு, அந்தத் தெருவிலேயே ஒரு கட்டடத்தில், ஓடுகிற லிஃப்டில் ஏறிப்போய்ப் பார்க்கும் பராமரிப்பு வேலையை மட்டும் வைத்துக்கொண்டார். பெருவிரல் நுனி கறுத்தபோதுதான் மனைவி அவரைத் தரதரவென்று இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

சர்ஜன் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

"கால் ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. மாத்துக்குழாய் வெச்சுத் தைக்கலாம். ஆனா நீங்க புகை பிடிச்சா அதுவும் அடைச்சுக்கும். ஆறு வாரம் கழிச்சுத் தேதி தரேன். கடைசி நாலு வாரம் ஒண்ணுகூடத் தொடாம வாங்க, பண்றேன். இல்லேன்னா நான் கத்தி எடுக்கறது வேற வேலைக்குத்தான்."

"வேற வேலைன்னா என்னங்க டாக்டர்?" என்றாள் மனைவி.

சர்ஜன் தன்னுடைய முழங்காலுக்குக் கீழே விரலால் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

அதே ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் சிகரெட்டை விடுவதற்கென்றே ஒரு வகுப்பு நடந்தது. நடத்தியவள் முப்பது வயதுப் பெண். ஆலோசகர் என்று கதவில் எழுதியிருந்தாலும் எல்லோருக்கும் அவள் மேடம்தான். எட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தாள். சுவரில் அழுகிய நுரையீரல் படம் இல்லை, செத்துப்போவீர்கள் என்ற பயமுறுத்தல் இல்லை. அதுவே மெக்கானிக்குக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

"சிகரெட் ஆசை வரும்போது மனசு கட்டறுத்துக்கிட்டு ஓடும். அதை அதட்டி நிறுத்த முடியாது. கண்ணு, கை, காது, மூக்கு, நாக்கு, இந்த அஞ்சையும் வெச்சுத்தான் அதை இங்க கூட்டிக்கிட்டு வந்து உக்கார வைக்கணும்" என்றாள் மேடம்.

கண்ணில் படுகிற ஐந்து பொருளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கைக்குப் பிடித்தமான ஒன்றை உருட்ட வேண்டும். மூன்று சத்தங்களைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். பிடித்த வாசனை ஒன்றை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல வெளியே விட வேண்டும். கடைசியில் ஒரு வாய் தண்ணீரை ருசித்துக் குடிக்க வேண்டும். ஆளுக்கொரு சின்ன டப்பா கொடுத்து, கைக்கும் மூக்குக்கும் வேண்டியதை வீட்டிலிருந்து போட்டுக்கொள்ளச் சொன்னாள். மெக்கானிக் பழைய மோட்டாரிலிருந்து கழற்றிய பேரிங் குண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டார். நெல்லிக்காய் அளவு, வழவழப்பு, உள்ளங்கையில் ஜில்லென்று இருக்கும். வாசனைக்கு ஆரஞ்சுத் தோல். தினமும் காலையில் புதிதாக உரித்துத் தருவது தன் பொறுப்பு என்றாள் மனைவி.

"முதல் ரெண்டு வாரம் யாரும் சிகரெட்டை விட வேண்டாம்" என்று மேடம் சொன்னதும் வட்டத்தில் ஒரு சந்தோஷச் சலசலப்பு. "பயிற்சியை மட்டும் பழகுங்க. மனசு கொந்தளிக்கும்போது புதுசா எதையும் கத்துக்க முடியாது. நிதானமா இருக்கும்போது பழகுங்க. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. உடம்புல பதிஞ்சிடும். அப்புறம் ஆசை வரும்போது அதுவா கைகொடுக்கும்."

மெக்கானிக்குக்கு இது சட்டென்று பிடித்துப்போனது. ஏனென்றால் அவருடைய தொழிலிலும் இதுதான் சட்டம். ஓடுகிற லிஃப்டின் பிரேக்கில் கை வைக்கக் கூடாது. மெயினை அணைத்து, அசைவு முழுக்க அடங்கிய பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும். இந்த மேடத்துக்கு விஷயம் தெரியும் என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மனைவியிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

தன்னுடைய அசைவு எப்போது அடங்குகிறது என்று உட்கார்ந்து யோசித்தார். காலையில் வீட்டில் அடங்காது. யாராவது எங்காவது மாட்டிக்கொண்டு ஃபோன் அடிப்பார்கள். நடக்கும்போது கால் விடாது. படுத்தால் விரல் நெருப்பாக எரியும். நாள் முழுவதிலும் அவர் நிஜமாக நிதானமாக இருப்பது இரண்டே தடவை. காலை பத்தரை மணிக்கும் மாலை நாலரை மணிக்கும், மொட்டை மாடியில், சிகரெட்டைப் பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்த பிறகு.

அந்த நேரத்தையே எடுத்துக்கொண்டார். சிகரெட்டை விட வேண்டாம் என்று மேடமே சொல்லியிருக்கிறாரே. வலது கையில் சிகரெட், இடது கையில் பேரிங் குண்டு. தண்ணீர்த் தொட்டி, கொடிக்கம்பி, ஆன்டெனா, எதிர்க் கட்டடத்து ஜன்னல், தன் நிழல் என்று ஐந்தையும் சொல்வார். மோட்டார் ஓடுகிற சத்தம், கயிறு உரசுகிற சத்தம், கீழே ஹாரன். ஓர் இழுப்பு புகை, ஒரு மூச்சு ஆரஞ்சு. எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாத மனிதர். மோட்டார் ரூம் சுவரில் தொங்கும் பராமரிப்பு அட்டைக்குப் பக்கத்தில் இதற்கும் ஓர் அட்டை மாட்டி, தேதி, நேரம், டிக் என்று ஒருநாள்கூட விடாமல் போட்டார்.

இரண்டு வாரம் முடிந்தபோது அட்டையில் இருபத்தெட்டு டிக். மேடம் அதை உயர்த்திப் பிடித்து எல்லோருக்கும் காட்டினாள். "இப்படித்தான் பண்ணணும். சாரைப் பாத்துக் கத்துக்கோங்க."

பக்கத்து நாற்காலி பஸ் டிரைவர் சாய்ந்து காதைக் கடித்தார். "அண்ணே, ஃபர்ஸ்ட் ரேங்க் உங்களுக்குத்தான். நான் அந்த டப்பாவை எங்க வெச்சேன்னே தெரியல."

ஐம்பத்தாறு வயதில் ஒரு வகுப்பில் முதலாவதாக வந்ததில் மெக்கானிக்குக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. இந்தக் கால் எங்கேயும் போகாது என்று அன்றைக்குத்தான் முதல்முதலாக நம்பினார்.

மறுநாள் சிகரெட்டை விடும் நாள். மீதியிருந்த பாக்கெட்டை மனைவி வாளித் தண்ணீரில் அமுக்கினாள். பத்தரை மணிக்கு அவர் மாடியில் நின்றார். ஆசை வந்தது. வரட்டும், ஆயுதம் கையில் இருக்கிறதே என்று டப்பாவைத் திறந்தார். ஆரஞ்சு வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், வாயெல்லாம் எச்சில் ஊறிவிட்டது. இடது கையில் குண்டு உருளத் தொடங்கியதும் வலது கையின் இரண்டு விரல்கள் தாமாகவே விரிந்துகொண்டன. நெஞ்சு புகைக்காக இப்படி ஏங்கியது அவர் ஆயுளிலேயே இல்லை. சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது என்று ஆரம்பத்திலிருந்து மறுபடி செய்தார். இன்னும் மோசமானது. மறுபடி செய்தார். பதினோராவது தடவைக்குப் பிறகு லிஃப்டில் இறங்கி, அறுபது எட்டுக்கு ஒருமுறை நின்று, முனைக்கடைக்குப் போய் ஒன்று வாங்கினார்.

அதற்கடுத்த நாட்களும் அப்படித்தான். பயிற்சி போதவில்லை என்று அவர் நினைத்தார். மனைவியும் அப்படியே நினைத்து, ஒரு பழத்துக்கு இரண்டாக உரித்தாள். சாயங்காலங்களில் அவரோடு மேஜையில் உட்கார்ந்து கூடவே செய்தாள். தட்டு, டம்ளர், காலண்டர் என்று அவள் எண்ண எண்ண, அவளுடைய தோள் இறங்குவதும் முகம் தெளிவதும் அவருக்குத் தெரியும். அவருக்கோ அந்த மேஜையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட வேண்டும்போல இருக்கும். அவள் விரல்களில் எப்போதும் ஆரஞ்சு மணம் இருந்தது.

நான்காவது வாரம் வகுப்பில் எல்லோரும் மேடத்தின் கருவியில் ஊதினார்கள். உள்ளே எவ்வளவு புகை இருக்கிறது என்று அது எண்ணில் காட்டும். ஆறுக்குக் கீழே இருக்க வேண்டும். டிரைவர் ஊதினார்: மூன்று.

"விடற அன்னிக்குத்தான் சீட்டுக்கு அடியில டப்பா அகப்பட்டுச்சு. அதுல ஒரு கூழாங்கல்லு. உருட்டினேன், ஆசை போயிடுச்சு. என்ன மாயமோ போங்க" என்றார் டிரைவர்.

மெக்கானிக் ஊதினார்: இருபத்தொன்று. டிரைவரின் கையைக் குலுக்கிப் பாராட்டினார். வயிறு எரிந்தது. இப்படியொரு அற்பப் புத்தி தனக்கு இருப்பதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

வகுப்பு கலைந்த பிறகு மேடம் அவரை மட்டும் இருக்கச் சொன்னாள். பழைய அட்டையை வாங்கி, இந்தத் தடவை டிக்கை விட்டுவிட்டு நேரத்தைப் பார்த்தாள்.

"தினமும் பத்தரை, நாலரை. எப்படி சார் ஒருநாள்கூட மாறல?"

"அப்பதானே மேடம் சிகரெட்டுக்கு மாடிக்குப் போவேன்."

"பிடிச்சு முடிச்சிட்டு இதைப் பண்ணுவீங்களா?"

"முடிச்சிட்டு இல்ல, பிடிச்சுக்கிட்டேதான். நிதானமா இருக்கும்போது பழகுங்கன்னு சொன்னீங்களே. எனக்கு நிதானம் அப்ப மட்டும்தான்."

மேடம் அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை அவர் பார்த்தார்.

"உடம்புல நல்லாவே பதிஞ்சிருச்சு சார். குண்டு, ஆரஞ்சு, சிகரெட், மூணும் ஒண்ணாப் பதிஞ்சிருச்சு. இப்ப நீங்க அந்த வாசனையை இழுக்கும்போதெல்லாம் உடம்பு சிகரெட் எங்கன்னு கேக்குது. நீங்க விட முயற்சி பண்ணல சார், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க." அட்டையை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். "நான் கேட்டிருக்கணும். இருபத்தெட்டு டிக்கைப் பாத்து மயங்கிட்டேன். தப்பு என்னோடது."

அவருக்குக் கோபம் வரவில்லை. எங்கே பழுது என்று தெரிந்ததில் ஒரு மெக்கானிக்குக்கு வரவேண்டிய ஆசுவாசம்கூடக் கொஞ்சம் வந்தது. "சரி மேடம். இதைக் கழட்டிட்டு வேற போட்டுடலாமா?"

"போடலாம். வேற பொருள், வேற வாசனை, முதல்லேருந்து. ஆனா பழசு அழிய எத்தனை நாளாகும்னு சொல்ல முடியாது."

"தேதிக்கு இன்னும் பதினாலு நாள்தான் இருக்கு."

மேடம் அன்றைக்கே சர்ஜனிடம் போய் ஒரு மாத அவகாசம் கேட்டாள். தேதியைத் தள்ளுவதில் தனக்கு ஆட்சேபணை இல்லை, கால் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டுமே என்றாராம் சர்ஜன்.

பேரிங் குண்டு மோட்டார் ரூம் தகர டப்பாவுக்குத் திரும்பிப் போயிற்று. ஆரஞ்சுக்குப் பதில் ஒரு சோப்புத் துண்டு. ஆனால் உண்மையை மட்டும் மனைவியிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒருநாள் தவறாமல் உரித்துக் கொடுத்தவளிடம், நீ கொடுத்ததுதான் என்னைக் கவிழ்த்தது என்று எப்படிச் சொல்வது? "மேடம் இப்ப சோப்பு வாசனை பிடிக்கச் சொல்லியிருக்காங்க" என்றார்.

"அப்ப ஆரஞ்சை நான் வெச்சுக்கறேன். எனக்கு என்னவோ அது நல்லா இருக்குங்க" என்றாள் அவள்.

சோப்பினால் ஒரு நாளைக்குப் பதினைந்து என்றிருந்த சிகரெட் நாலாகக் குறைந்தது. நாலு ஒன்றுமில்லாமல் ஆகவில்லை. பன்னிரண்டாம் நாள் கறுப்பு பெருவிரலைத் தாண்டி பாதத்தில் ஏறியது, காய்ச்சல் தொடங்கியது. சர்ஜன் முன்பு தன் காலில் காட்டிய கோட்டை இந்தத் தடவை பேனாவால் மெக்கானிக்கின் காலில் போட்டார்.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் வார்டுக்கு வந்த சர்ஜன், இடது முழங்காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு வலது காலையும் தொட்டுப் பார்த்தார். "இதுலயும் துடிப்பு கம்மியாத்தான் இருக்கு. இதையாவது காப்பாத்திக்குங்க. இனிமே ஒண்ணுகூடக் கூடாது, புரியுதா?" மெக்கானிக் தலையாட்டினார். வந்த நாளிலிருந்து ஒன்றும் பிடிக்கவில்லை. படுக்கையில் கிடந்தவருக்கு எங்கே கிடைக்கும்?

பார்வையாளர் நேரம் ஆரம்பித்தது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் என்ன வாங்கி வருவார்கள் என்பதை அவர் மறந்துபோயிருந்தார். எதிர்க் கட்டிலில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. அடுத்த கட்டிலில் ஒரு கூடை. அவருடைய மனைவியும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒன்றை உரித்தாள். உரித்துக்கொண்டே தனக்குள் எண்ணினாள். ஜன்னல், ஃபேன், தண்ணி பாட்டில், போர்வை. அதோடு நிறுத்திவிட்டாள். இடது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டி அவர் கன்னத்தைத் தடவினாள்.

அவர் வாயில் எச்சில் ஊறியது. போர்வைக்குள் வலது கையின் இரண்டு விரல்கள் விரிந்துகொண்டன.

"கையைக் கழுவிட்டு வா" என்றார்.

"ஆரஞ்சுதாங்க உரிச்சேன்."

"தெரியும். சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா."

அவள் போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, ஈரக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுபடி அவரைத் தொடவில்லை. முப்பது வருடத்தில் தன் கையை அவர் வேண்டாம் என்றது இதுதான் முதல் தடவை என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது. சொல்லிவிடலாம் என்று அவர் வாயைத் திறந்தார். எதிர்க் கட்டிலில் யாரோ இன்னொரு பழத்தை உரித்தார்கள்.

தாழ்வாரத்தில் லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நல்ல மோட்டார், கதவு மட்டும் லேசாக உரசுகிறது. கீழே போனால் நேராக வாசல். வாசலுக்கு வெளியே, கேட்டை ஒட்டி, ஒரு பெட்டிக்கடை.

"சக்கர நாற்காலி கிடைக்குமா? கீழ கொஞ்சம் போயிட்டு வரலாம்" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் தனக்கென்று ஆசையாகக் கேட்ட முதல் விஷயம் அது. இத்தனை நாளாக இல்லாத ஒரு வெளிச்சம் அவள் முகத்தில் வந்தது.

"காத்தாட உக்காந்தா நல்லா இருக்கும்ல? இருங்க, நர்ஸைக் கேட்டு இதோ கொண்டு வரேன்."

அவள் ஏறக்குறைய ஓடினாள். அவருக்கு அழுகை வந்தது. ஆனாலும் அவள் சீக்கிரம் திரும்பி வரவேண்டும் என்றிருந்தது.