ஐந்தாவது தட்டை மட்டும் சுண்டாதே

1

ஒரே ஒரு வரிக்காகத்தான் அதைக் கழற்றினேன். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி, வீட்டில் நான் மட்டும். பழைய பீங்கான்களால் வீட்டை நிறைக்கும் ஒருவனைப் பற்றி வேடிக்கையாக ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். தட்டின் பின்பக்கம் என்ன முத்திரை இருக்கும் என்று அதில் எழுத வேண்டியிருந்தது. கற்பனையாக எதையாவது எழுதியிருக்கலாம். முப்பது வருஷமாக அதைத்தானே செய்கிறேன்! ஆனால் அன்றைக்கென்று பார்த்து எனக்கு உண்மை தேவைப்பட்டது. நாற்காலி போட்டு ஏறி, சாப்பாட்டு மேசைக்கு மேலே உள்ள சுவரிலிருந்து ஐந்தாவது தட்டைக் கழற்றினேன். அதைப் பிடித்திருந்த ஸ்பிரிங் கம்பி கையை விட்டுத் துள்ளியது. தட்டு மேசை விளிம்பில் பட்டு மூன்று துண்டாகிவிட்டது.

வேடிக்கைக் கதை அங்கேயே செத்தது. நீங்கள் படிப்பது அதற்கப்புறம் எழுதியது.

(முத்திரை ஒரு நங்கூரம். கீழே ஏதோ எண். இந்தத் தகவல் இனி எந்தக் கதைக்கும் தேவையில்லை.)

2

தொடங்கிப் பார்த்தவை:

"அந்த வீட்டில் மனிதர்களைவிடப் பீங்கான்களுக்கு மரியாதை அதிகம்." அடித்துவிட்டேன். பயந்துபோனவன் எழுதிய வரியாக இல்லை.

"மனைவி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பூனை—" எங்கள் வீட்டில் பூனை கிடையாது. பழி போடுவதற்காகவாவது ஒன்று வளர்த்திருக்கலாம்.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்குப் பல் கட்டும் ஆய்வகத்தில் வேலை. பீங்கானில் பல் செய்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்குப் பொருத்துவாள். வெள்ளையில் பதினாறு வகை அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தாலும் பீங்கான்தான். மூடி தொலைந்த சர்க்கரைக் கிண்ணத்தில் சாவிகள். மூக்கு உடைந்த தேநீர்க் குடுவையில் என் பேனாக்கள். என்றோ மூடிப்போன மருந்துக்கடையின் ஜாடியில் எங்கள் பல் துலக்கும் பிரஷ்கள். "சும்மா நிக்கிற பொருள் தூசுதான் சேர்க்கும். அதுக்கும் ஒரு வேலை குடுக்கணும்" என்பாள். சுவரில் வளைவாக மாட்டிய ஒன்பது தட்டுகளுக்கு மட்டும் வேலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றைத் துடைத்து, ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிக் காது கொடுப்பாள். முழுத் தட்டு 'ணங்' என்னும். விரிசல் விழுந்தது 'டொக்'.

3

ஐந்தாவது, ஒரு ஜோடியில் பாதி. நீலப் பாலம், அதன்மேல் குடையோடு ஒரு ஆள். மறுபாதி அவளுடைய அண்ணனிடம் இருக்கிறது. அவர் நில அளவையாளர். எந்த விஷயத்திலும் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்காதவர். ஆறு வருஷத்துக்கு முன் பெற்றோர் வீட்டைக் காலி செய்தபோது, இரண்டையும் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"உன்கிட்ட குடுத்தா ஆறு மாசம் தாங்காது. நீ எதைத்தான் உருப்படியா வச்சிருந்தே?"

எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த 'எதைத்தான்' என்பதற்குள், அந்த வருஷம் எங்களுக்குத் தங்காமல் போன குழந்தையும் வந்துவிட்டது. அவர் அதை நினைத்துச் சொல்லவில்லை என்று நான் நம்புகிறேன். அவள் நம்பவில்லை. ஒரு தட்டைச் சால்வையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அதோடு பேச்சு நின்றது.

போன மாதம் அவரே அவளுக்கு ஃபோன் செய்தார்.

"அந்தத் தட்டு இருக்கா?"

"இருக்கு."

"முழுசாவா?"

"முழுசாத்தான் இருக்கு. வந்து சுண்டிப் பாரேன்."

"வர்றேம்மா. என்னோடதையும் கொண்டு வர்றேன். பக்கத்துலயே மாட்டிடு."

மறுநாளே ஐந்தாவது தட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்தாள். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அடித்தாள். அந்த ஆணி இன்னும் காலியாக இருக்கிறது. நான் எழுதும் இடத்திலிருந்து தெரிகிறது. அவர் வருவது இந்த ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு.

4

துண்டுகளைப் பசை போட்டு ஒட்டினேன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு மட்டும் கிடைக்கவே இல்லை. அந்த இடத்தை நிரப்ப, சிரிக்காதீர்கள், ஒயிட்னர் பூசி மறுபடி சுவரில் மாட்டிவிட்டேன். எழுத்துப் பிழைக்கு நான் பூசும் அதே ஒயிட்னர். பதினாறு வெள்ளை தெரிந்தவளின் வீட்டில்!

அன்று சாயங்காலம்:

"என்ன, மேசையெல்லாம் பளிச்சுனு இருக்கு?"

"துடைச்சேன்."

"நீங்களா? அப்ப கதை வரலைன்னு சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். வியாழக்கிழமை அவள் சுவரைப் பார்க்காதபடி சாப்பாட்டு இடத்தை மாற்றி உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை, "அண்ணன் வர்றதுக்குள்ள ஒரு தடவை துடைச்சுடறேன்" என்று துணியோடு சுவர்ப் பக்கம் போனாள். பால் பொங்குகிறது என்று கத்தினேன். அடுப்பில் பாலே இல்லை.

5

முடிவுகள்.

அ) அண்ணன் வருகிறார். சுண்டுகிறார். டொக். "அப்பவே சொன்னேன்ல" என்கிறார். அவள் முகத்தை எழுதப் போனேன், கை ஓடவில்லை.

ஆ) வாசலிலேயே அவரை மடக்கி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் பெருந்தன்மையாகச் சுண்டாமல் இருந்துவிடுகிறார். (நில அளவையாளரா? எனக்கே நம்பிக்கை இல்லை.) அப்படியே இருந்தாலும், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவளை ஏமாற்றியதாகத்தான் ஆகும்.

இ) நான் அவளைக் கூப்பிட்டு

இ) அவளிடம் நான்

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் கணவன்தான். ஐந்து நாளாக அவளோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறான். வாயைத் திறந்தால் பால் பொங்குகிறது என்கிறான். காகிதம் கொடுத்தால் மட்டும் பக்கம் பக்கமாக எழுதுகிறான். கோழை என்று எழுதி அடித்தேன். பிறகு மறுபடியும் எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

6

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை. என் கதைகளை எல்லாருக்கும் முன்னால் படிப்பது என் மனைவிதான், பென்சிலோடு உட்காருவாள். இப்போது குளித்துக்கொண்டிருக்கிறாள். இந்தத் தாள்களை மேசையில், தட்டுக்கு நேர் கீழே வைக்கப்போகிறேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இனி அவளிடம்தான் பேச வேண்டும்.

உடைத்தது நான். உன் கையில் அது ஆறு வருஷம் முழுசாக இருந்தது. என் கையில் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. இதை உன் அண்ணனிடம், நீ பக்கத்தில் நிற்கும்போதே, என் வாயால் சொல்வேன். நான் வழக்கம்போலத் தடுமாறினால் இந்தத் தாள்களை அவர் கையில் கொடுத்துவிடு. தட்டு சுவரில் இருக்கட்டுமா, இறக்கிவிடலாமா என்பதை நீ சொல். ஒயிட்னருக்கு என்ன திட்டு உண்டோ, அதையும் திட்டு.

நான் உள்ளறையில் இருக்கிறேன். படித்து முடித்ததும் ஐந்தாவதைச் சுண்டு. எனக்குக் கேட்கும், வெளியே வருவேன். அதற்கப்புறம் நடப்பதை நீதான் எழுத வேண்டும். கீழே அரைப் பக்கம் விட்டிருக்கிறேன். பென்சிலையும் சீவி வைத்திருக்கிறேன்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.