தட்டினால் ஒளியும் குடும்பம்

வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் எங்கள் வீட்டில் ஓர் இடுக்கு இருக்கிறது. ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டால் ஓர் ஆளும் ஏழு வயதுப் பெண் ஒருத்தியும் உட்காரலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு நானும் என் மகளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். யாரோ வாசல் கதவைத் தட்டியிருந்தார்கள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. கதவு தட்டப்பட்டது, நாங்கள் கப்சிப்பென்று ஒளிந்துகொண்டோம், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது அவள். உதட்டில் விரலை வைத்து, கண்ணை உருட்டி, மூச்சுகூட விடாதே என்று எனக்குச் சைகை காட்டியவளும் அவளே. நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாக.

தட்டியவர் போன பிறகு கதவுக்கு அடியில் ஒரு சீட்டு கிடந்தது. 'இரண்டு முறை தட்டினோம். வீட்டில் யாரும் இல்லை.' எனக்கு வந்த பார்சல். கொண்டுவந்தவன் என் கூட வேலை பார்க்கிறவன். சொல்ல மறந்துவிட்டேன், நான் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவன். ஒரு நாளைக்கு எண்பது கதவு தட்டுகிறேன். இரும்புக் கதவு, மரக்கதவு, கண்ணாடிக் கதவு, தட்டினால் கையோடு வந்துவிடுகிற கதவு, எல்லாம் எனக்கு அத்துப்படி. என் வீட்டுக் கதவைத் தட்டினால் மட்டும் ஓடி ஒளிந்துகொள்வேன்.

கடைக்குப் போயிருந்த மனைவி திரும்பி வந்து சாவி போட்டுத் திறந்தபோது கையும் களவுமாக மாட்டிக்கொண்டோம். அவள் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குளியலறைக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. அப்பா எட்டிப் பார்த்து, "போயிட்டாங்களா?" என்றார்.

கல்யாணமான புதிதில் இதற்கெல்லாம் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் தெருமுனையிலிருந்து மூன்று முறை மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், பிறகு நாங்களே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்போம், தட்டவே கூடாது. இந்த ஏற்பாட்டைக் கேட்டுவிட்டு என் மைத்துனன், "உங்க வீட்டுக்கு வர விசா எங்க மச்சான் குடுப்பாங்க?" என்று கேட்டான். பத்து வருடமாக அதே ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு மனைவி சிரிக்கவில்லை. மகளின் உதட்டில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த விரலையே பார்த்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் இது என்னமோ இருந்துட்டுப் போகட்டும்னுதான் விட்டேன். இவ எப்பங்க சேந்தா உங்க கட்சியில?"

அடுத்த வாரம் மனைவி ஒரு அட்டையை என் முன்னால் வைத்தாள். மகளின் எட்டாவது பிறந்தநாள் வரப்போகிறது. இதுவரை எல்லாப் பிறந்தநாளையும் பூங்காவில் கொண்டாடி ஒப்பேற்றிவிட்டோம். இந்த வருடம் வீட்டில்தான் என்று அடம்பிடித்து, வகுப்பில் பதினொரு பேருக்கு அவளே அழைப்பிதழ் வரைந்திருந்தாள். பலூன், கேக், ஒரு பூனை. கீழே சிவப்புப் பென்சிலில் ஒரு கை வரைந்து அதன் மேல் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தாள். 'கதவைத் தட்டாதீர்கள். எங்கள் வீட்டில் பயப்படுவோம்.'

எங்கள் வீட்டில். அந்த வார்த்தை என்னை அடித்துப் போட்டுவிட்டது. எங்கிருந்து வந்தது இது, அவளுக்கு? அவள் பிறந்ததிலிருந்து எங்கள் கதவைப் பார்சல்காரர்களையும் தண்ணீர் மீட்டர் பார்ப்பவரையும் தவிர யாரும் தட்டியதில்லை.

நான் போகிற ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு பெண் மனநல ஆலோசகர் இருக்கிறார். அவருக்கு நான் நிறையப் புத்தகப் பார்சல் கொடுத்திருக்கிறேன். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், நிரந்தரச் சளி. அழ வருகிறவர்களுக்காக வைத்திருக்கும் டிஷ்யூவில் முக்கால்வாசியை அவரே தீர்த்துவிடுவார். அவர் கதவைப் பல தடவை தட்டிய தைரியத்தில், பார்சல் இல்லாமல் ஒரு நாள் தட்டினேன்.

"நீங்க பயந்தாங்கொள்ளின்னு நான் நினைக்கல சார். உங்களுக்குள்ள ஒரு பகுதி பயப்படுது. அதுகிட்டப் பேசிப் பாக்கலாமா?" என்றார்.

உள்ளே நிறையப் பேர் இருக்கிறார்களாம். ஒருவன் பயப்படுவான், ஒருவன் திட்டுவான், ஒருவன் எல்லாரையும் கட்டி மேய்ப்பான். யாரும் கெட்டவர்கள் இல்லையாம், ஆளுக்கொரு வேலையை எப்போதோ ஏற்றுக்கொண்டு விடாமல் பார்க்கிறார்களாம். அவர்களைத் துரத்தாமல், என்ன ஏது என்று விசாரித்தால் போதுமாம். "பாவம் என் பொண்டாட்டி. ஒரே ஒருத்தனைக் கட்டிக்கிட்டோம்னு நினைச்சிட்டிருக்கா மேடம். உள்ள ஒரு கூட்டுக் குடும்பமே இருக்குபோல" என்றேன். அவர் சிரித்து, மூக்கைத் துடைத்துவிட்டு, "இப்ப ஜோக் சொன்னாரே, அவரும் ஒருத்தர். ரொம்ப வருஷமா உழைக்கிறார். அவரைக் கொஞ்ச நேரம் அந்த நாற்காலியில உக்காரச் சொல்றீங்களா?" என்றார்.

காலி நாற்காலியைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மனதுக்குள், போய் உட்காருப்பா, என்றேன். அடுத்த நிமிடமே அவருடைய டிஷ்யூ பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அந்தக் கோமாளி இத்தனை நாள் எதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒளிகிறவனுக்குப் 'பதுங்கி' என்று பெயர் வைத்தேன். அவன் என் வயிற்றில், தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே இருந்தான். மூன்று வாரம் அவன் வாயே திறக்கவில்லை. அதில் எனக்கு ஆச்சரியமில்லை, தட்டினால் திறக்கிறவனாக இருந்தால் அவன் ஏன் பதுங்கி? நாலாவது வாரம் ஆலோசகர், "அவருக்கு என்ன வயசுன்னு கேளுங்க" என்றார். கேட்டேன். ஆறு என்று வந்தது. யோசிக்காமலே வந்தது.

"ஆறு வயசுல உங்களுக்கு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமே நடக்கல மேடம். முன்பல்லு விழுந்துச்சு."

"வெளிய யாரு இருக்காங்கன்னு பயப்படுறாரா?"

கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். பதுங்கி வாசலைப் பார்க்கவே இல்லை. தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதைச் சொன்னேன். ஆலோசகர் மூக்கைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"அது உங்க கைதானா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அது அப்பாவின் கை மாதிரி இருந்தது. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வருடம் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்தவர். யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பார், பிறகுதான் ஆள். எந்த வேலை செய்தாலும் பின்னறை, எந்த வீட்டுக்குப் போனாலும் உள்ளே போய்ச் சுவர் ஓரம். எங்கள் பழைய ஊரைப் பற்றிக் கேட்டால், "கலவரம். அப்பாவைக் கூட்டிட்டுப் போனாங்க. நாங்க வந்துட்டோம்" என்பார். மூன்றே வாக்கியம், அதிலும் குரல் ஏறாது இறங்காது. நாலாவது வாக்கியம் இருக்குமா என்று கேட்க எனக்கு முப்பத்தெட்டு வருடமாகத் தோன்றவில்லை.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் மத்தியானம், நானும் அவரும் கூடத்தில் உட்கார்ந்து பலூன் ஊதிக்கொண்டிருந்தோம். மனைவியும் மகளும் கேக் சொல்லப் போயிருந்தார்கள். அவர் ஒரு மஞ்சள் பலூனைப் பாதி ஊதியிருந்தபோது, "அப்பா, உங்களுக்கு ஆறு வயசுல என்னப்பா ஆச்சு?" என்று கேட்டேன். பலூன் அவர் வாயை விட்டு நழுவிக் கூடம் முழுக்கச் சுற்றிப் பறந்து, டிவிக்குப் பின்னால் போய் விழுந்தது. வேறு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்போம்.

"எனக்கு அப்பத்தான் தாழ்ப்பாள் எட்டுச்சு," என்றார். "அதுல ஒரு பெருமை. யாரு தட்டினாலும் நான்தான் ஓடுவேன். அம்மா பின்னாடி துணி காயப்போட்டிட்டிருந்தா. அப்பா சாப்பிட்டுப் படுத்திருந்தாரு. தட்டினாங்க. ஓடிப்போய்த் தொறந்தேன். நாலு பேரு. அப்பா இருக்காராப்பான்னு நல்லபடியாத்தான் கேட்டாங்க. இருக்காருன்னு சொன்னேன்."

அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லலடா. சாகுற வரைக்கும் சொல்லல. ஆனா அதுக்கப்புறம் எந்தக் கதவையும் என்னைத் தொறக்க விடல."

எனக்குள் கோமாளி துடித்துக்கொண்டு எழுந்தான், எதையாவது சொல்லி அவரைச் சிரிக்க வைத்துவிடலாம் என்று. அவனை உட்காரச் சொன்னேன். வேறு ஆறுதல் வார்த்தையும் வரவில்லை. வந்ததெல்லாம் என் பிழைப்புதான். ஒரு வீட்டில் முடிந்ததும் அடுத்த வீடு, அங்கே திறக்காவிட்டால் என்ன செய்வது, இதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? "பக்கத்து வீட்டுக்கும் போனாங்களாப்பா?" என்று கேட்டேன்.

"போனாங்க."

"அவங்க தொறந்தாங்களா?"

"இல்ல. உள்ள தாழ் போட்டுட்டு சத்தமே காட்டல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒடைச்சா..." என்றவர் நிறுத்தினார்.

அறுபது வருடமாக அவருக்குத் தெரிந்த விஷயம்தான். கண்ணால் பார்த்ததுதான். ஆனால் தன் வாயால் சொல்லித் தன் காதால் கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். தரையில் கிடந்த பலூன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ரெண்டே உதை. நல்ல கனமான கதவுடா அது. பக்கத்து வீட்டு அண்ணனையும் இழுத்துட்டுப் போயிட்டாங்க."

"நீங்க தொறக்காம இருந்திருந்தா?"

"நம்ம வீட்டுக் கதவா?" என்றார். உதடு கோணியது. "அது மட்டக் கதவு. ஒரு உதைக்குத் தாங்காது." சிரிக்கத் தொடங்கினார், அது பாதியிலேயே அழுகையானது, பிறகு இரண்டும் கலந்து வந்தது. நான் அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். அவரைக் கடைசியாக எப்போது தொட்டேன் என்று நினைவில்லை. எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மூக்கைச் சிந்திக்கொண்டு அவர் ஓய்ந்ததும், "அந்தப் பையன் இப்ப எங்கப்பா இருக்கான்?" என்று கேட்டேன்.

"எங்க இருப்பான்? பாத்ரூம்லதான்."

"அவன் தப்பு இல்லன்னு அவனுக்கு யாராவது சொன்னாங்களா?"

அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்பார் என்று நினைத்தேன். "நீ பலூனை ஊது," என்றார். எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஊதினேன். பதினேழு பலூன் ஊதும் வரை அவர் வரவில்லை. உள்ளே தாழ்ந்த குரலில் பேச்சு கேட்டது. என்ன பேசினார் என்று நான் காது கொடுக்கவில்லை, அது அவர்கள் இருவர் விஷயம்.

மறுநாள் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நான் புளுகன். மாலை நாலு மணிக்கு முதல் குழந்தை வந்து கதவைத் தட்டியது. அழைப்பிதழை யார் படிக்கிறார்கள்? தட்டிய சத்தம் கேட்டதுமே மகள் இடுக்கை நோக்கி ஓடினாள். என் காலும் வழக்கம்போல அவள் பின்னாலேயே திரும்பியது. சமையலறை வாசலில் நின்ற மனைவி கையைப் பிசைந்துகொண்டு என்னையே பார்த்தாள், அவளே திறந்துவிடலாம்தான், ஆனால் திறக்கவில்லை. நான் வயிற்றில் கை வைத்து, இருக்கேன்டா, ஒண்ணும் ஆகாது, என்று பதுங்கியிடம் சொல்லிக்கொண்டு ஓரடி வைத்தேன். இரண்டாவது அடி வைப்பதற்குள் அப்பா என்னைத் தாண்டிப் போனார்.

"யாரு?" என்றார்.

"நான்தான்!" என்றது வெளியே ஒரு குரல், உலகத்தில் எல்லாருக்கும் தன்னைத் தெரியும் என்ற நம்பிக்கையோடு.

தாழ்ப்பாளில் கை வைத்தபடி எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை. எனக்கு அரை நாள் போல இருந்தது. பிறகு திறந்தார். பரிசுப் பொட்டலத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முன்பல் இரண்டும் இல்லாத ஒரு பெண் நின்றாள். அப்பா குனிந்து அவள் வாயைப் பார்த்துவிட்டு, "நல்லா மொளைக்கும், உள்ள வாம்மா," என்றார்.

வாஷிங் மெஷினுக்குப் பின்னாலிருந்து மகளின் தலை தெரிந்தது. "அம்மா, தாத்தா தொறந்துட்டாரு," என்றாள், ஏதோ குற்றத்தைப் புகார் செய்கிற குரலில். கொஞ்ச நேரத்தில் தோழியின் சத்தம் கேட்டதும் தலைகால் புரியாமல் ஓடிவந்தாள்.

அதற்குப் பிறகு அப்பா கதவைச் சாத்தவே விடவில்லை. ஒருக்களித்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொன்றாக வந்த குழந்தைகள் அப்படியே உள்ளே பாய்ந்தன. பத்துப் பேர் வந்தாயிற்று. வீடு இரண்டுபட்டுக்கொண்டிருந்தது. கேக் வெட்டும் நேரத்தில் பதினொன்றாவதாக ஒரு பையன் வந்தான், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மகா மரியாதைக்காரன். திறந்திருக்கும் கதவின் முன்னால் நின்றுகொண்டு, விரலை மடக்கி அதன் மேல் மூன்று முறை தட்டினான்.

கூடத்தில் என் மகள் ஒரு கணம் அசையாமல் நின்று தாத்தாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அப்பா எழுந்தார். கதவின் உள்பக்கம், பையன் தட்டிய இடத்துக்கு நேராகத் தன் வலது உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"இன்னொரு தடவை தட்டுப்பா, இந்தக் கையும் கேக்கட்டும்," என்றார்.

பையன் அவரை நிமிர்ந்து பார்த்தான். உண்மையாகவே சொல்கிறாரா என்று சந்தேகம். பிறகு பரிசைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தட்டத் தொடங்கினான்.