ஆறுதலா வந்தாக் காணும்

இனி நான் எழுதுவதில் ஒரு சொல் பொய்யென்றாலும், என் வாயில் மிஞ்சியிருக்கிற பல்லெல்லாம் நான் கடிக்கும் பாணோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகட்டும். மிஞ்சியிருப்பவை இரண்டே. ஆகவே யோசித்துத்தான் சத்தியம் பண்ணுகிறேன்.

அன்று காலை துறைமுக வாசலில் வந்து நின்ற ட்ரெயிலரின் சில்லுகளை என் மருமகன் ஜெறோம் எண்ணினான். மறுபடி எண்ணினான். பிறகு என்னைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னான். யார் எண்ணினாலும் ஆறு அச்சுக்குரிய சில்லுகள்தான் இருந்தன. அவன் கேட்டிருந்தது பன்னிரண்டு அச்சு.

பாரம் கொண்டுபோகிறவனுக்குக் கவலை பாரமல்ல, அதைத் தாங்கப்போகும் தெரு. எங்கள் பக்கத்துக் கரண்டுக்காகக் கப்பலில் வந்திருந்த ட்ரான்ஸ்போமர் தொண்ணூறு தொன். ட்ரெயிலர் குட்டையென்றால் எந்தச் சந்தியிலும் திரும்பும். ஆனால் பாரம் முழுவதும் ஓரிடத்தில் குந்திவிடும். அச்சுக் கூடிய நீளமானதென்றால் பாரம் பரவும். ஆனால் ஒவ்வொரு முடக்கிலும் யாருடைய மதிலாவது குறுக்கே நிற்கும். ஜெறோம் கிழமைக்கணக்காகத் தெருத்தெருவாய் நாடா பிடித்து அளந்து, மதில்காரர் எல்லாரோடும் தேத்தண்ணி குடித்து, நீளமானதையே தெரிந்தெடுத்திருந்தான். காரணம், சண்டிலிப்பாயில் பாலேஸ்வரியின் வெங்காயத் தோட்டத்தடியில், தெருவுக்குக் கீழே இருக்கும் மதகு. வெள்ளைக்காரன் காலத்துக் கல்லுக்கட்டு. தோட்டவெளியின் மழைத்தண்ணீர் முழுவதும் அதற்குள்ளால்தான் வடியவேண்டும். அது இடிந்து அடைபட்டால் தண்ணீர் நிற்கும் இடம் அவளுடைய வெங்காயம். பிடுங்க இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. வானமோ வடகிழக்கில் கறுத்துக்கொண்டு வந்தது.

ஜெறோம் கொழும்புக் கந்தோருக்குப் போன் எடுத்தான். ட்ரெயிலர் அனுப்புகிற பொறுப்பில் அங்கே இருந்தவன் மதுரையிலிருந்து வந்த ஒரு பொடியன்.

“தம்பி, பன்னிரண்டு எண்டெல்லோ சொன்னனான்?”

“நீங்கதானே சார் பிறகு ஆறு போதும்னீங்க?”

“நான் எப்பயடா ஆறு சொன்னனான்? ஆறுதலா வந்தாக் காணும் எண்டெல்லோ சொன்னனான்!”

“அதேதான் சார். ஆறு.”

எங்களுக்கு ஆறுதலாய் என்றால் அவசரமில்லாமல், மெல்ல; காணும் என்றால் போதும். மதுரையில் ஆறுதல் செத்த வீட்டில் சொல்வது. ட்ரெயிலருக்கு யார் ஆறுதல் சொல்வார்கள் என்று அவன் நியாயமாகத்தான் யோசித்திருக்கிறான். மற்ற ஆறு அச்சும் வேறொரு பாரத்தோடு தெற்கே காலிப் பக்கம் போய்விட்டன. ட்ரான்ஸ்போமரைத் தூக்கி ஏற்றக்கூடியது கப்பலின் பாரந்தூக்கி மட்டுமே. கப்பலோ பின்னேரம் புறப்படுகிறது. ஏற்றுவதா, கீழே இறக்கி வைப்பதா என்று கப்பல்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஜெறோமின் சேட்டு முதுகோடு ஒட்டிவிட்டது.

என்னை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அவன் நேரே பாலேஸ்வரியிடம் போனான்.

“அக்கா, மதகு தாங்கும் எண்டு என்னாலை சொல்லேலாது.”

“தாங்காட்டி?”

அவன் வெங்காயத்தைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

“கரண்ட் விழுந்து விழுந்து மோட்டர் எரியுது எண்டு கத்தினவளும் நான்தான்,” என்றாள் கடைசியில். “ஏத்திக்கொண்டு வா தம்பி. ஆனா ஆறுதலா வா.”

மதகைப் பற்றி எனக்கொரு கதை ஞாபகம் வந்தது. வாயெடுத்தேன்.

“ஐசாக்கண்ணை, நீங்கள் சும்மா இருங்கோ. நீங்கள் கதைச்சா மதகு சிரிச்சே இடிஞ்சுபோம்,” என்று பாலேஸ்வரி மறித்தாள்.

சில்லு ஒருமுறை குதித்தால் பாரம் இரட்டிப்பாய் இடிக்கும். ஊர்ந்தால் உள்ள பாரத்தோடு போகும். எனவே ட்ரான்ஸ்போமரை ஏற்றிய ட்ரெயிலர் ஊர்ந்தது. சிவப்புக்கொடியோடு முன்னால் நடந்தவன் நான். மதகடிக்கு வந்தபோது அதன் வேகத்தை எப்படிச் சொல்வது? இரண்டு சில்லுக்கு நடுவில் ஒரு பெட்டைக்கோழி இட்ட முட்டை, பின்சில்லு வருவதற்குள் பொரித்துக் குஞ்சாகிக் குறுக்கே ஓடியது. பின்னால் மறிபட்ட மினிபஸ்ஸில் காலையில் சவரம் செய்துகொண்டு ஏறியவருக்குத் தாடி நெஞ்சைத் தொட்டது.

மூன்றாவது அச்சு ஏறியதும் கீழே ஒரு கல் முனகியது. ஜெறோம் கையைத் தூக்கினான். எல்லாம் நின்றது. திரும்பிப் பார்த்தால் பாலேஸ்வரியைக் காணவில்லை. வாய்க்காலுக்குள் இறங்கி, மதகுக்கடியில் குந்தியிருந்தாள்.

“அக்கா, வெளியிலை வா! விசரே உனக்கு?”

“என்ரை தோட்டத்து மதகு. நான் இல்லாத நேரம் இடிஞ்சா ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?” உள்ளிருந்து குரல் வந்தது. “கல்லிலை கை வச்சிருக்கிறன். நிண்டால்தான் நடுங்குது. நீ விடு!”

ஜெறோம் கையை இறக்க முடியாமல் நின்றான். அவனுடைய உதடு மட்டும் அசைந்தது. முதல் மழைத்துளி என் மொட்டையில் விழுந்தது. பிறகு கை இறங்கியது. ஒவ்வொரு அச்சுக்கும் சுண்ணாம்பு பொலபொலவென்று உதிரும் சத்தம் கேட்டது. அவள் இருமுவது கேட்டது. ஒருமுறை அந்த இருமலும் கேட்காமல் போனது. கடைசிச் சில்லு தாண்டியபோது மதகு ஒரு விரற்கடை நிமிர்ந்து மூச்சுவிட்டது. பாலேஸ்வரி தலைமுழுக்கச் சுண்ணாம்போடு வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் இரண்டு பல்லும் போனாலும் போகட்டும், உண்மை இதுதான்: அந்த ட்ரான்ஸ்போமர் கப்பல் இறக்கி வைத்த இடத்திலேயே, துறைமுகத்துக்குள், தார்ப்பாய் மூடியபடி இன்றைக்கும் நிற்கிறது; வெயிலுக்கு அதன் நிழலில் ஆடுகள் படுக்கின்றன.