கண்ணாடி பீரோ

"இன்னும் கொஞ்சம் தூக்கிப் புடிங்கடா. நைனா மூஞ்சி மடியுது பாரு."

வெற்றிவேல் நடுத்தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தான். ஃபிளெக்ஸின் ஒரு முனை கரண்டு கம்பத்திலும் மறுமுனை எதிர்வீட்டு மாடிக் கம்பியிலுமாக இழுபட்டது. அவனுடைய அக்கா மகாலட்சுமி வாசற்படியில் நின்று பார்த்தாள். ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிற நைனாவின் நிஜ முகத்தைக் காலையிலிருந்து யாரும் இவ்வளவு அக்கறையாகக் கவனிக்கவில்லை.

ஒருவழியாக முகம் நிமிர்ந்தது. 'வாசிப்பின் தந்தை, தலைமையாசிரியர் ஜெயராமன்' என்று சிவப்பு எழுத்து. அதற்குக் கீழே அந்தப் பழைய போட்டோ. பள்ளிக்கூடத்து வாசலில் எட்டுப் பிள்ளைகள் கையில் புத்தகத்தோடு நிற்க, நடுவில் நைனா. ஏழு பிள்ளைகள் கேமராவைப் பார்க்கின்றன. ஒருத்தி மட்டும் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்திருக்கிறாள். அது மகாலட்சுமி. அப்போது நாலாவது படித்தாள்.

பத்திரிகைக்காரர் வருகிறார் என்று அன்றைக்குப் பிள்ளைகளை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தார்கள். பள்ளியின் கண்ணாடி பீரோவைத் திறந்து ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார் நைனா. "பிரிச்சிப் புடிங்க. அழுத்திப் பிரிக்காதீங்க." கேமராக்காரர் இங்கே பார் என்று சொன்னது அவள் காதில் விழவில்லை. அவர் போனதும் நைனாவிடமிருந்து கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. புத்தகங்களை எண்ணி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அவள் படித்தது என்ன புத்தகம் என்பதுகூட இப்போது நினைவில்லை. அந்த அறை மட்டும் நினைவிருக்கிறது.

ஆனால் பத்திரிகையில் படம் வந்ததே அந்தக் கவிழ்ந்த தலைக்காகத்தான். 'உலகை மறந்த சிறுமி' என்று எழுதினார்கள். அந்தப் படத்தை வைத்து நைனாவுக்கு விருது வந்தது. அப்புறம் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு அப்படித்தாங்க. கையில புக்கு குடுத்தா சோறே வேணாம்" என்பார். மகாலட்சுமி காபித் தட்டோடு நிற்பாள்.

பதினோரு மணிக்குக் கல்வி அலுவலர் வந்தார். மலர்வளையத்தைத் தூக்க ஒரு ஆள், படம் எடுக்க ஒரு ஆள். வளையத்தைப் பெட்டி மேல் சாத்தி, படம் எடுத்தாயிற்றா என்று திரும்பிப் பார்த்து, சரியாக விழவில்லை என்றதும் எடுத்து இன்னொரு தரம் சாத்தினார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"ஐயா இல்லேன்னா இந்தச் சுத்துவட்டாரத்துப் புள்ளைங்க கையில புத்தகமே இருந்திருக்காது. ஒவ்வொரு புள்ளைக்கும் புத்தகத்து மேல ஆசைய ஊட்டுனவரு..."

காம்பவுண்டு ஓரத்தில் நின்ற ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கையில் ஹெல்மெட். அலுவலர் அவளை முறைத்தார். மகாலட்சுமிக்கு அடையாளம் தெரிந்தது. அன்புக்கரசி. அதே பள்ளியில் அவளுக்கு இரண்டு வகுப்பு கீழே, காலனியிலிருந்து நடந்து வருவாள். இப்போது மேல்சித்தாமூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர் என்று கேள்வி.

பேச்சு முடிந்ததும் வெற்றிவேல் அக்காவிடம் ஓடிவந்தான்.

"அக்கா, நைனா ரூம்லேர்ந்து ஒரு புக்கு கொண்டா. நெஞ்சு மேல வெச்சி அனுப்புனா நல்லா இருக்கும்னு சாரு சொல்றாரு."

"எந்த புக்கு?"

"எதுனா ஒண்ணு. அட்ட நல்லா இருக்கணும்."

மகாலட்சுமி உள்ளே போய்க் குனிந்தாள். கட்டிலுக்கு அடியில் நாலு அட்டைப்பெட்டி. ரிட்டயர் ஆன அன்று நைனா ஆட்டோவில் கொண்டுவந்தவை. பீரோவைப் பள்ளியில் விட்டுவிட்டுப் புத்தகங்களை மட்டும் எடுத்து வந்திருந்தார். "கண்ட பசங்க கை வெக்கும்" என்றார். பதினாறு வருஷமாக அவரும் பிரிக்கவில்லை. மேலாக இருந்த புத்தகத்தை எடுத்தாள். முதல் பக்கத்தில் பள்ளியின் சீல், ஊதா மை மங்காமல் இருந்தது.

வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள்.

"இல்ல."

"இன்னாக்கா இல்ல? கட்டிலாண்ட பொட்டி பொட்டியா கெடக்குதே?"

"அது பள்ளிக்கூடத்துதுடா. எல்லாத்துலயும் சீல் இருக்குது. எடுத்தாந்து சாருக்குக் காட்டட்டுமா?"

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அவள் அப்படிச் சொல்லவில்லை. பறை அடிப்பவர்கள்கூடக் குச்சியை நிறுத்தினார்கள். அலுவலருக்கு அந்த நேரம் பார்த்து தூரத்தில் தெரிந்த ராஜகிரிக் கோட்டை மலை மேல் ஒரு ஆர்வம் வந்து, அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொண்ணுதானே, டென்ஷன்ல பேசுது" என்றார் ஒரு பெரியவர். எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது.

கடைசியில் வெற்றிவேல் எங்கிருந்தோ ஒரு டைரியைக் கொண்டுவந்து நைனாவின் நெஞ்சில் வைத்தான். உரக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்தது. கெட்டி அட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் புத்தகம்தான். அலுவலர் அதையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார்.

பாடை தெரு முனையைத் திரும்பியதும் பெண்கள் வீடு கழுவத் தொடங்கினார்கள். மகாலட்சுமி வாசலுக்குத் தண்ணீர் தள்ளும்போது, அன்புக்கரசி இன்னும் போகாமல் நிற்பதைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, சுவரில் சாய்த்திருந்த இன்னொரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள் அவள்.

"அன்புக்கரசிதான நீ? அழுவறதுக்கா வந்த?"

"இல்லக்கா. அந்த புக்கெல்லாம் இன்னா ஆச்சுன்னு கேக்கலாம்னு வந்தேன்."

மகாலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து அந்த வீட்டுக்கு வந்தவர்கள் பொய் இல்லாமல் பேசிய முதல் வார்த்தை அது.

"உனுக்கு எது குடுத்தாரு?"

"எனுக்கா? போட்டோவுக்குக்கூட எங்க தெருப் புள்ளைங்கள நிறுத்தல. கண்ணாடி வழியாத்தான் படிச்சேன். புக்கோட முதுகுல பேரு எழுதியிருக்கும் இல்ல, அதுதான் நான் எழுத்துக்கூட்டிப் படிச்ச மொதப் பாடம்." துடைப்பத்தை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டாள். "யானை போட்ட சட்டை. குளத்துக்குள் கடிகாரம். சொல்லாமல் போன தச்சன்..."

"எறும்பு வாங்கிய வண்டி" என்றாள் மகாலட்சுமி.

"நடுவுல ஒண்ணு வுட்டுட்டக்கா. ஏழாம் வீட்டு மழை."

ஆமாம், விட்டுப்போயிருந்தது. இருவரும் ஈரத்தில் நின்று பீரோவின் இரண்டு தட்டுப் புத்தகப் பேர்களையும் மேலிருந்து கீழ்வரை சொல்லி முடித்தார்கள்.

"பேரு மட்டும் தெரியும், கத தெரியாது. அதனால எல்லாத்துக்கும் நானே ஒரு கத கட்டிக்கினேன். இப்ப எங் கிளாஸ்ல அதத்தான் சொல்றேன். புக்குங்கள கொடிக்கயிறு கட்டித் தொங்கவுட்டு இருக்கேன், புள்ளைங்களுக்கு எட்டற மாரி. சோறு துன்ன கையோட எடுக்கும். பதினொண்ணு கிழிஞ்சுது. அதுக்கு மெமோ குடுத்தாரு, இப்பப் பேசிட்டுப் போனாரே, அவருதான்."

மகாலட்சுமி துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். நாலு பெட்டியையும் ஒவ்வொன்றாக இழுத்து வந்து காய்ந்த இடமாகப் பார்த்து வைத்தாள்.

அன்புக்கரசி பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒரு புத்தகத்தை உருவினாள். யானை போட்ட சட்டை. ஒட்டிக்கிடந்த தாள்களை நகத்தால் பிரித்து, உதடு அசையப் படித்தாள். நாலு பக்கம் தாண்டியதும் நிமிர்ந்தாள்.

"அக்கா, இதுல யானையே இல்லக்கா."

"இல்லியா?"

"டெய்லரு ஒருத்தரு. அவரு பட்டப்பேரு யானையாம். முப்பது வருசமா யானைக்கு நான் சட்ட தெச்சிக்கினு இருக்கேன்." சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் புறங்கையால் தேய்த்தாள். "எங் கதையே இதவிட நல்லா இருக்குது."

"எடுத்துக்கினு போ. எல்லாத்தையும்."

"உங்க தம்பி?"

"அவன் அட்டையத்தான் கேட்டான்."

அன்புக்கரசி கொஞ்சம் யோசித்தாள். "எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்குலயும் இப்ப இது இல்ல. கிழிஞ்சாலும் மெமோ குடுக்க முடியாது" என்றாள்.

நாலு பெட்டியை ஒரே நடையில் கொண்டுபோக முடியாது. முதலில் இரண்டு. ஒன்றை அன்புக்கரசியின் ஸ்கூட்டர் பின்சீட்டில் கட்டினார்கள். ஒன்றைக் கால் வைக்கும் இடத்தில் வைத்து அவள் முழங்காலால் இடுக்கிக்கொண்டாள். வண்டியை உதைக்கும்போது ஆண்கள் திரும்பி வந்துவிட்டார்கள். வெற்றிவேல் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக வாசலில் நின்றான். சுடுகாட்டிலிருந்து வந்தவர்கள் படி ஏறுமுன் காலில் ஊற்ற மகாலட்சுமி சொம்பில் தண்ணீர் எடுத்தாள்.

"இன்னாக்கா அது? நைனா புக்கா? எங்க போவுது?"

"பள்ளிக்கூடத்துக்கு. கால நீட்டு."

"புள்ளைங்க கிழிச்சிடுங்கக்கா."

"கிழிக்கட்டும்."

சொம்பைச் சாய்த்தாள். சாம்பல் கலந்த தண்ணீர் அவன் காலிலிருந்து சாக்கடைக்கு வழிந்தது. ஸ்கூட்டர் ஆடி ஆடி மெதுவாகப் போய், கூட்ரோட்டுப் பக்கம் திரும்பியது. இன்னொரு காலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான் வெற்றிவேல். சொம்பில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. அவள் அதைச் சாய்த்தபடியே திருப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.